இதயம் பலவீனமான 13 வயது நாய்: ராத்திரி மூச்சு எண்ணுவது எப்படி? (பினாங்கு)

ஆயர்ஈத்தாம்_மகள் | திங்கள், இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டு பொம்மிக்கு 13 வயசு. வெள்ளை ஸ்பிட்ஸ். ரொம்ப நாளா இருமல் இருந்துச்சு, முதல்ல காட்டின கிளினிக்ல தொண்டையில கிருமின்னு மருந்து கொடுத்தாங்க. போன வாரம் ஒரு ராத்திரி படுக்கவே மாட்டேங்குது. முன்னங்கால் ரெண்டையும் அகட்டி வச்சுக்கிட்டு உட்கார்ந்தே இருக்கு, வயிறு உள்ளே போய்ப் போய் வருது. அந்த நேரத்துக்குத் தீவுல திறந்திருந்த வேற ஒரு கிளினிக்குக்குத் தூக்கிட்டு ஓடினோம். ஆக்சிஜன் வச்சு, ஊசி போட்டு, கொஞ்சம் தெளிஞ்ச பிறகு எக்ஸ்ரே எடுத்தாங்க. இதயத்துல இடது பக்க வால்வு தேஞ்சு போயிருக்கு, அதனால நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிச்சுன்னு சொன்னாங்க.

இப்ப வீட்டுக்கு வந்துடுச்சு. இதயத்துக்குப் பலம் கொடுக்கிற பிமோபெண்டான், தண்ணியை எடுக்கிற ஃபுரோசமைடு, ரத்தக்குழாயைத் தளர்த்துற பெனாசெப்ரில் மூணும் கொடுக்கிறோம். தூங்கும்போது மூச்சை எண்ணுங்க, நிமிஷத்துக்கு 30-க்கு மேல போனா கூப்பிடுங்கன்னு டாக்டர் சொல்லி அனுப்பினார். அன்னையிலேர்ந்து அம்மா டார்ச் லைட்டைக் கையில வச்சுக்கிட்டு பொம்மி பக்கத்துலயே உட்கார்ந்திருக்காங்க. நேத்து ராத்திரி 24, 36, 22, 44-ன்னு காலண்டர் தாளுக்குப் பின்னாடி எழுதி வச்சிருக்காங்க. எண்ணிக்கை கூடினா உடனே என்னை எழுப்புறாங்க. நான் காலையில பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போகணும்.

சிங்கப்பூர்ல இருக்கிற அண்ணன், "வயசாயிடுச்சு, ஏன் போட்டு இழுக்கிறீங்க, ஊசி போட்டுத் தூங்க வச்சிடுங்க"ன்னு போன்ல சொன்னார். அம்மா அவர்கிட்ட பேசறதையே விட்டுட்டாங்க.

இதே நோயோட நாயை வச்சுப் பார்த்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. இந்த 44 பயப்பட வேண்டியதா? இருமல் இன்னும் நிக்கலையே, தண்ணி இன்னும் இருக்குன்னு அர்த்தமா? உப்பில்லாம கோழி அவிச்சு வச்சா முகர்ந்து பார்த்துட்டுப் போயிடுது, அதுக்கு என்ன செய்யலாம்?

பிறை_கிளினிக்_அக்கா | திங்கள், இரவு 10:25

வணக்கம்மா. நான் பட்டர்வொர்த் பக்கம் ஒரு கிளினிக்ல பல வருஷமா உதவியாளரா இருக்கேன். டாக்டர் இல்லை. ஆனா இந்த மூச்சு எண்ணுறதை வீட்டுக்காரங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறது என்னோட வேலைதான்.

நெஞ்சு ஒரு தடவை ஏறி இறங்கினா அது ஒண்ணு. ஏறும்போது ஒண்ணு, இறங்கும்போது ஒண்ணுன்னு தனித்தனியா எண்ணினா கணக்கு ரெண்டு மடங்காயிடும், அம்மா எப்படி எண்ணுறாங்கன்னு ஒரு தடவை பக்கத்துல இருந்து பாருங்க. 30 வினாடி எண்ணி ரெண்டால பெருக்குங்க. நாய் அசந்து தூங்கணும். கால் துடிக்குது, மீசை ஆடுது, லேசா முனகுதுன்னா கனவு காணுது. அப்ப மூச்சு தாறுமாறா ஓடும், அந்தக் கணக்கு எதுக்கும் உதவாது. நாக்கைத் தொங்கப் போட்டு இரைக்கும்போதும் எண்ண வேண்டாம். ரூம் புழுக்கமா இருந்தாலும் கூடும்.

22, 24-க்கு நடுவுல 36, 44 வந்திருக்குன்னா பாதி சந்தேகம் எனக்குக் கனவு மேலதான். முகத்துல டார்ச் அடிச்சா அது பாதி முழிச்சுக்கும், அப்பவும் கூடும். தெரு விளக்கு வெளிச்சமே போதும், இல்லன்னா போன்ல வீடியோ எடுத்துட்டு அப்புறமா எண்ணுங்க.

30-ஐ தாண்டுச்சுன்னா கால் மணியிலேர்ந்து அரை மணி விட்டு மறுபடி எண்ணணும். மறுபடியும் தாண்டினா டாக்டருக்குப் போன். அடுத்தது முக்கியம்: நாய் படுக்க முடியாம உட்கார்ந்தே இருக்கு, கழுத்தை நீட்டுது, வாயைத் திறந்து மூச்சு இழுக்குது, ஈறு நீலமாவோ சாம்பல் நிறமாவோ தெரியுதுன்னா எண்ணிக்கிட்டு இருக்காதீங்க. நேரா காடியில ஏத்துங்க. ஏசியைப் போட்டுட்டுப் போங்க, இறுக்கிப் பிடிக்காதீங்க.

ராத்திரி முழுக்க எண்ணணும்னு அந்த டாக்டர் நிச்சயமா சொல்லியிருக்க மாட்டார். தூங்கி ஒரு மணி நேரம் கழிச்சு ஒரு தடவை, விடியறதுக்கு முன்னாடி ஒரு தடவை. அம்மாவுக்கும் தூக்கம் வேணும்மா.

செந்தூல்காரன் | திங்கள், இரவு 11:52

எங்க ஷி சூவுக்கும் இதே வியாதிதான். தண்ணி கோத்த பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல எங்ககூட இருந்தான், நல்லாவே இருந்தான்.

இருமலைப் பத்தி எங்க டாக்டர் விளக்கினதை அப்படியே சொல்றேன். வால்வு சரியா சாத்தாத கதவு மாதிரி, ரத்தம் பின்பக்கமா ஒழுகுது. ஒழுக ஒழுக இதயத்தோட இடது மேலறை பெருத்துக்கிட்டே போகும். அதுக்கு மேலதான் பெரிய மூச்சுக்குழாய் போகுது, அதை அமுக்குது, இருமல் வருது. அதனால நுரையீரல்ல ஒரு சொட்டுத் தண்ணி இல்லாதப்பவும் இருமல் இருக்கும். சின்ன ஜாதி நாய்களுக்கு மூச்சுக்குழாயே தளர்ந்து போறதும் உண்டு. இருமலை வச்சுப் பயப்படாதீங்க, தூக்கத்து மூச்சை வச்சுப் பாருங்க.

ஃபுரோசமைடு கொடுத்தா ஒண்ணுக்கு அடிக்கடி போகும், தண்ணியும் நிறைய குடிக்கும். வீடு நாறுதேன்னு தண்ணிக் கிண்ணத்தை மட்டும் எடுத்துடாதீங்க. கிட்னி கெட்டுடும். நாங்க பழைய துண்டையும் பேடையும் ஹால் முழுக்க விரிச்சு வச்சிருந்தோம். மாத்திரையைச் சாயந்திரம் கொஞ்சம் முன்னாடியே கொடுக்கலாமான்னு கேட்டு டாக்டர் சம்மதத்தோட மாத்தினோம், அதுக்கப்புறம்தான் ராத்திரி எழுந்து கதவைத் திறக்கிற வேலை குறைஞ்சுது.

சாப்பாட்டுக்கு: கோழியை அவிச்ச தண்ணியையே லேசா சூடாக்கி மேல ஊத்துங்க. வாசனை வந்தாதான் கிழட்டு நாய்க்குப் பசி எடுக்கும். அவிச்ச பூசணி, முட்டை, கொஞ்சம் சோறு. நெத்திலி, பெலாச்சான் (இறால் விழுது), கிச்சாப் (சோயா சாஸ்), உப்பு முட்டை, கடையில வாங்கின மீன் உருண்டை இதெல்லாம் முழுக்க உப்பு. வெங்காயம் போட்ட சாம்பாரும் ஆகாது, வெங்காயம் நாயோட ரத்தத்தையே கெடுக்கும். அதுக்காகக் கறியைக் குறைச்சு வெறும் சோறு போடாதீங்க. இந்த நோய் சதையைத் தின்னுடும், முதுகெலும்பு துருத்திக்கிட்டு வரும். புரதம் வேணும்.

பத்துமலை_அங்கள் | செவ்வாய், காலை 6:35

மகளே, மனசு கஷ்டப்படும்னு தெரிஞ்சேதான் எழுதுறேன். நான் தோட்டத்துல பிறந்து வளர்ந்தவன். எங்க லயத்துல நாய்க்கு மருந்தும் கிடையாது, எக்ஸ்ரேயும் கிடையாது. வயசான நாய் தானா ஒரு மூலையைத் தேடிப் படுத்துக்கும், பக்கத்துல தண்ணி வச்சுட்டு விட்டுடுவோம். இப்ப நான் பார்க்கிறேன், ஒரு நாய்க்கு வேளைக்கு மூணு மாத்திரை, வாரத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை, காடியில ஏத்தி இறக்குறது. நாய் இதையெல்லாம் கேட்டுச்சா? நம்மால பிரிய முடியலங்கிறதுக்காக அதை வதைக்கிறோமோன்னு எனக்குத் தோணுது. உங்க அண்ணனை அம்மா கோபிக்க வேண்டாம். அவரும் அந்த நாயோட வளர்ந்தவர்தானே.

ஆயர்ஈத்தாம்_மகள் | செவ்வாய், இரவு 8:15

அக்கா, அம்மா எண்ணுறதைப் பக்கத்துல இருந்து பார்த்தேன். நீங்க சொன்ன மாதிரி கனவு காணும்போதும் எண்ணியிருக்காங்க. நேத்து டார்ச் இல்லாம ரெண்டு தடவைதான் எண்ணினோம். 23, 26. அம்மா நாலு மணி நேரம் சேர்ந்தாப்ல தூங்கினாங்க.

செந்தூல் அண்ணே, கோழித் தண்ணி வேலை செய்யுது. கிண்ணத்தைக் காலி பண்ணிட்டு என் கையையும் நக்குச்சு.

அங்கள், நீங்க சொன்னதைக் கோபமா எடுத்துக்கல. அண்ணனும் பொம்மியைப் பள்ளிக்கூடச் சட்டைக்குள்ள வச்சுத் தூக்கிட்டுத் திரிஞ்சவர்தான், தூரத்துல இருக்கிறதால அவருக்கு வேற வழி தெரியல. ஆனா பொம்மி இன்னும் கேட் சத்தம் கேட்டா வாலை ஆட்டிக்கிட்டு வருது. பக்கத்து வீட்டு சீன ஆன்ட்டி குரல் கேட்டாலே எழுந்து நிக்குது. அதைப் பார்த்துட்டு எப்படி முடிவு எடுக்கிறது? இந்தத் தைப்பூசத்துக்கு அம்மா தண்ணீர்மலை முருகனுக்கு நேர்ந்துக்கிட்டு, வெள்ளி ரதம் வந்தப்ப பொம்மி பேரைச் சொல்லித் தேங்காய் உடைச்சாங்க. அம்மா யாருக்கும் தெரியாம செஞ்சாங்க, நான் பார்த்துட்டேன்.

இன்னொரு கேள்வி. எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துப் பார்த்தா நல்லதுன்னு டாக்டர் சொல்றார். கோலாலம்பூர் பக்கம் செர்டாங் வரைக்கும் கொண்டு போறது அதோட உடம்புக்குத் தாங்குமா?

பிரிக்ஃபீல்ட்ஸ்_டீச்சர் | செவ்வாய், இரவு 10:40

அங்களிடம் ஒன்று சொல்லிவிட்டு உங்கள் கேள்விக்கு வருகிறேன், தங்கச்சி.

அங்கள், இந்த நோயில் மருந்தை நிறுத்திவிட்டால் நாய் மூலையில் படுத்து அமைதியாகப் போகாது. நுரையீரல் தண்ணீரில் நிறையும். படுக்கவும் முடியாமல், மூச்சும் கிடைக்காமல் விழித்துக்கொண்டே போகும். ஃபுரோசமைடு அந்தத் தண்ணீரை வெளியே எடுக்கிறது. எனவே இது ஆயுளை இழுக்கிற மருந்து மட்டும் இல்லை, மூச்சுத் திணறலை நீக்குகிற மருந்தும்கூட. தாங்கள் வதை என்று சொல்வதைத் தடுக்கிறதே இந்த மாத்திரைதான்.

நாட்கள் கூடுகிறதா என்றால், கூடுகிறது. இதயம் ஏற்கெனவே செயலிழக்கத் தொடங்கிய நாய்களை வைத்து 2008இல் வெளியான குவெஸ்ட் ஆய்வில், வழக்கமான மருந்துகளோடு பிமோபெண்டான் சேர்த்துக் கொடுத்த நாய்களுக்கு இடைநிலைக் காலம் 267 நாள், பெனாசெப்ரில் சேர்த்துக் கொடுத்தவற்றுக்கு 140 நாள். இதயக் கோளாறால் மரணமோ, கருணை ஊசியோ, மருந்து பலிக்காமல் போவதோ நேரும்வரைக்குமான கணக்கு அது. உங்கள் பொம்மிக்கு இப்போது இரண்டுமே தருகிறார்கள். இடைநிலை என்றால் பாதி நாய்கள் அதற்கு முன்னும், பாதி அதற்குப் பின்னும். ஆகவே அந்த எண்ணை உங்கள் நாய்க்குக் குறித்துக் கொடுத்த தேதியாக எண்ணிவிடாதீர்கள்.

செர்டாங் பற்றி: யுபிஎம் பல்கலைக்கழகத்தின் விலங்கு மருத்துவமனைக்கு நான் என் டாக்டரின் கடிதத்தோடு போனேன். நான் போனது கோலாலம்பூருக்குள்ளிருந்து. நீங்கள் ஆயர் ஈத்தாமிலிருந்து பாலம் தாண்டி நெடுஞ்சாலையில் 350 கிலோமீட்டருக்கு மேல் வர வேண்டும். தண்ணீர் வடிந்து சில நாட்களே ஆன நாயை இப்போதே அவ்வளவு தூரம் கொண்டுவர நான் துணியமாட்டேன். அதற்கு முன் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்: எக்கோ பார்த்த பிறகு மருந்தில் ஏதாவது மாறுமா? நுரையீரலில் தண்ணீர் கோத்து, எக்ஸ்ரேயில் அது தெளிவாகத் தெரிந்து, மருந்துக்கும் அடங்கியிருக்கிறது என்றால் சிகிச்சை பெரும்பாலும் இதேதான். தீவிலோ பிறையிலோ எக்கோ கருவி வைத்திருக்கும் கிளினிக் எது என்று அவருக்கே தெரிந்திருக்கும்.

பட்டர்வொர்த்_தம்பி | புதன், மதியம் 1:05

இடையில வர்றேன், மன்னிச்சிடுங்க. எங்க பூடிலுக்கு 9 வயசு. தடுப்பூசி போடப் போனப்ப இதயத்துல முணுமுணுப்புச் சத்தம் கேக்குதுன்னாங்க. இருமல் இல்லை, ஓடி ஆடுறான். இவனுக்கும் இப்பவே மருந்து ஆரம்பிக்கணுமா?

பிரிக்ஃபீல்ட்ஸ்_டீச்சர் | புதன், மதியம் 2:30

தம்பி, உங்களுக்குத்தான் எக்கோ அதிகம் பயன்படும். சத்தம் இருந்தும் இதயம் பெருக்கவில்லை என்றால் பி1 நிலை, மருந்து வேண்டாம், அவ்வப்போது பார்த்துவந்தால் போதும். பெருத்துவிட்டது என்றால் பி2. 2016இல் வெளியான இபிக் ஆய்வில் 360 நாய்களைச் சேர்த்திருந்தார்கள், எல்லாம் பி2. பிமோபெண்டான் எடுத்த நாய்களுக்கு இதயம் செயலிழக்கும் நிலையோ இதயக் கோளாறால் மரணமோ வர இடைநிலையாக 1,228 நாள் ஆனது, எடுக்காதவற்றுக்கு 766 நாள். ஏறக்குறைய 15 மாதம் நல்லபடியாகக் கிடைக்கிறது. அதனால் ஓடி ஆடுகிறானே என்று தள்ளிப் போடாதீர்கள். இதயப்புழுப் பரிசோதனையும் சேர்த்துக் கேளுங்கள், அது கொசுவால் பரவுவது, நம் ஊர்க் கொசு சும்மா விடாது.

பட்டர்வொர்த்_தம்பி | புதன், இரவு 7:20

நன்றி டீச்சர், எக்கோவுக்குக் கேட்கிறேன். ஆயர் ஈத்தாம் அக்கா, ஒரு விஷயம் ஞாபகப்படுத்தணும். சீனப் பெருநாள் வருது. முதல் நாள் வெடியை விட, எட்டாம் நாள் ராத்திரி, தீ கோங் (சீனர்களோட வானுலக தெய்வம்) பூசைக்கு நம்ம பினாங்குல வெடிக்கிறதுதான் பயங்கரம். நடுராத்திரியைத் தாண்டியும் ஓயாது. எங்க பையன் போன வருஷம் கட்டிலுக்கு அடியில போய் நடுங்கிக்கிட்டே கிடந்தான். இதயம் பலவீனமான நாய்க்கு அது தாங்குமா?

பிறை_கிளினிக்_அக்கா | புதன், இரவு 9:00

தம்பி சொன்னது ரொம்பச் சரி. ஒவ்வொரு வருஷமும் அந்த ராத்திரிக்கு மறுநாள் எங்க கிளினிக்ல கூட்டமா இருக்கும்.

வெடிக்குப் பயப்படுற நாய்க்குக் கொடுக்க மருந்து இருக்கு. ஆனா இதயநோய் நாய்க்கு எது ஆகும், எது ஆகாதுன்னு டாக்டர்தான் சொல்லணும். சில மயக்க மருந்து இதயத்தையே அடக்கிடும். தெரிஞ்சவங்க வீட்டுல மிச்சம் இருந்துச்சுன்னு வாங்கிப் போட்டுடாதீங்க. இப்பவே போய்க் கேளுங்க, பெருநாளுக்குப் பல கிளினிக் மூடியிருக்கும். இருக்கிற மாத்திரை தீராம பார்த்து, கூடுதலா வாங்கி வச்சுக்குங்க. ராத்திரி திறந்திருக்கிற கிளினிக் நம்பரை ஃபிரிட்ஜ் மேல ஒட்டுங்க. வீட்டுக்கு நடுவுல, ஜன்னல் இல்லாத அறையில படுக்க வச்சு, மின்விசிறியும் டிவியும் போட்டு விடுங்க.

நம்ம சாப்பிடுற போன்ஸ்தான், பனடோல் எதையும் கொடுக்க வேண்டாம். ஃபுரோசமைடும் பெனாசெப்ரிலும் சாப்பிடுற நாய்க்கு போன்ஸ்தான் மாதிரி வலி மாத்திரை கிட்னியை ஒரேயடியா அடிச்சிடும்.

இன்னொண்ணு, மகளே. மூச்சு 30-ஐ தாண்டி இறங்கலன்னா, கிளினிக் போய்ச் சேருறதுக்குள்ள ஃபுரோசமைடு கூடுதலா எவ்வளவு கொடுக்கலாம்னு டாக்டர்கிட்ட முன்னாடியே எழுதி வாங்கிக்குங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு அம்மா பதறும்போது அந்தத் தாள் கையில இருக்கணும். புது மருந்து ஆரம்பிச்சு ஒரு வாரம், ரெண்டு வாரத்துல கிட்னியும் பொட்டாசியமும் பார்க்கச் சொல்லியிருப்பாங்க, அதைத் தவற விடாதீங்க. அங்கள் சொல்ற மாதிரி வாரா வாரம் தேவைப்படாது.

பத்துமலை_அங்கள் | வியாழன், காலை 6:50

டீச்சர் எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். மூச்சு விஷயத்தை நான் அப்படி நினைச்சுப் பார்க்கல. தண்ணியை எடுக்கிற மாத்திரையைக் கொடுக்கட்டும், அதுல எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆனா என் கேள்வி இன்னும் இருக்கு. மாத்திரை கேக்காத நாள் ஒண்ணு வருமே, அன்னைக்கு என்ன செய்யப் போறீங்க? ஆக்சிஜன் கூண்டுல வச்சு, வெளியே எடுத்து, மறுபடி வச்சு, அப்படியே எத்தனை தடவை? அம்மாவும் மகனும் பேசாம இருக்கிற வீட்டுல அந்த ராத்திரி யார் முடிவு எடுக்கிறது? அதை இப்பவே பேசி வைக்கணும். நாய் நல்லா இருக்கும்போது பேசுறது அபசகுனம்னு நினைக்க வேண்டாம். அது பைரவர் வாகனம்மா, அதுக்கு நல்லபடியா விடை கொடுக்கிறதும் புண்ணியம்தான்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_டீச்சர் | வியாழன், காலை 7:15

இதில் அங்கள் பக்கம்தான் நான். எங்கள் வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தோம். தூக்கத்து மூச்சு, சாப்பிட்டதா, வாசலுக்கு வந்ததா, எப்போதும் படுக்கும் பக்கம் படுக்க முடிந்ததா, மயங்கி விழுந்ததா, இவ்வளவுதான் எழுதுவோம். கூட்டல் கழித்தல் எதுவும் செய்யவில்லை. ஆனால் நாங்கள் மூவரும் ஒரே புத்தகத்தைப் பார்த்ததால் ஒருவர் "நல்லாத்தானே இருக்கு" என்றும், இன்னொருவர் "துடிக்குது" என்றும் சண்டை போடவில்லை. எதைத் தாண்டினால் நிறுத்துவது என்று டாக்டரை வைத்துக்கொண்டே பேசினோம். மருந்தின் அளவைக் கூட்டிய பிறகும் ஓய்வில் மூச்சு இறங்கவில்லை, படுக்கவே முடியவில்லை என்றால் அன்றைக்கே என்று எழுதி வைத்தோம். அந்த நாள் வந்தபோது யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை.

அண்ணனுக்குத் தினமும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், தங்கச்சி. அவர் கண்ணில் பொம்மி இன்னும் ஆக்சிஜன் கூண்டிலேயே இருக்கிறது. 24 என்ற எண்ணையும் காலியான கிண்ணத்தையும் பார்த்தால் அவர் பேச்சு மாறலாம். மாறாவிட்டாலும் அவருக்கும் ஒரு பங்கு கிடைக்கும்.

செந்தூல்காரன் | வியாழன், மாலை 5:45

டீச்சர் சொன்னதுல ஒண்ணு சேர்க்கிறேன். மயங்கி விழுந்தா முடிஞ்சுதுன்னு நினைச்சுடாதீங்க. எங்க பையன் ஒரு நாள் கேட்டைப் பார்த்து ஓடினவன் அப்படியே சாஞ்சுட்டான். நான் அழுதுட்டேன். கொஞ்ச நேரத்துல எழுந்து ஒண்ணுமே நடக்காத மாதிரி நடந்தான். வீடியோ எடுத்து டாக்டர்கிட்ட காட்டினேன், வலிப்பு இல்லை, இதயத்தாலதான்னு சொல்லி மருந்தை மாத்தினார். அதுக்குப் பிறகும் நிறைய நாள் இருந்தான். விழுந்தா வீடியோ எடுங்க, ஈறு நிறம் பாருங்க, அப்படியே கிளினிக்குக்குக் கூப்பிடுங்க.

வெயில் ஏறினப்புறம் வெளியே விடாதீங்க. காலையில ஏழரைக்குள்ள வாசல் வரைக்கும் போயிட்டு வரட்டும். கழுத்துப் பட்டையைக் கழட்டிட்டு மார்ப்பட்டை மாட்டுங்க, கழுத்தை இழுத்தா இருமல் கூடும்.

ஆயர்ஈத்தாம்_மகள் | ஞாயிறு, இரவு 9:10

எல்லாருக்கும் நன்றி. நேத்து பொம்மியைக் காட்டிட்டு வந்தோம். கிட்னி கணக்கு கொஞ்சம் ஏறியிருக்கு, ஆனா இந்த மருந்துக்கு எதிர்பார்க்கிற அளவுதானாம். பொட்டாசியம் சரியா இருக்கு. தூக்கத்துல மூச்சு 22-லிருந்து 27-க்குள்ளயே நிக்குது. எக்கோவைப் பத்திக் கேட்டேன், இப்ப அவசரமில்லை, தேவைப்பட்டா இங்கேயே பார்க்கலாம்னார். அவசர அளவைத் தாள்ல எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தீ கோங் ராத்திரிக்கும் மருந்து கொடுத்திருக்கார், அதை முன்னாடியே ஒரு நாள் அவர் சொன்ன அளவுல கொடுத்துப் பார்த்துட்டு மூச்சை எண்ணச் சொன்னார்.

நோட்டுப் பக்கத்தை அண்ணனுக்கு அனுப்பினேன். முதல் நாள் பதிலே இல்லை. ரெண்டாம் நாள் "சாப்பிட்டுச்சா"ன்னு மட்டும் கேட்டார். இன்னைக்கு அம்மா போனுக்கே கூப்பிட்டு, பெருநாள் லீவுல வர்றேன், எட்டாம் நாள் வரைக்கும் இருக்கேன்னு சொல்லியிருக்கார். ஊசியைப் பத்தி ரெண்டு பேரும் இன்னும் பேசல. அவர் வந்ததும் மூணு பேரும் சேர்ந்து டாக்டரைப் பார்க்கப் போறோம். அங்கள் கேட்ட கேள்வியை நானே கேட்கிறேன்னு அம்மா சொன்னாங்க.

ஒரே ஒரு சந்தேகம். பிமோபெண்டானை வெறும் வயித்துல கொடுக்கணும்னு ஒட்டியிருக்கு. ஆனா பொம்மி கோழிக்குள்ள வச்சாதான் விழுங்குது. துப்பிடுது.

பிறை_கிளினிக்_அக்கா | ஞாயிறு, இரவு 9:55

சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி கொடுக்கிறதுதான் நல்லது, வெறும் வயித்துல நல்லா உடம்புல சேரும். ஒரு கிண்ணம் சோறுதான் கூடாது. விரல் நுனி அளவு கோழியில பொதிஞ்சு கொடுத்தா பரவாயில்லை. முதல்ல மாத்திரை இல்லாத துண்டு ஒண்ணு, அடுத்து மாத்திரை வச்சது, அது வாயில இருக்கும்போதே மூணாவது துண்டை மூக்குக்கு நேரா காட்டுங்க. மூணாவதுக்கு அவசரப்பட்டு ரெண்டாவதை மெல்லாம விழுங்கிடும். அப்படியும் துப்பினா மெல்லுற வகை மாத்திரை இருக்கான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

ஆயர்ஈத்தாம்_மகள் | திங்கள், காலை 7:05

மூணு துண்டு முறையில விழுங்கிடுச்சு அக்கா. நாளையிலேர்ந்து அம்மாவே கொடுக்கிறேன்னு சொல்லிட்டாங்க.